குறைக்கு ஒரு கூடு

1

ஒவ்வொரு வருசமும் பங்குனி மாசம் எங்கட தபால்பெட்டிக்குள்ள ஒரு வெள்ளைக் கடிதம் வந்து கிடக்கும். அதைக் கண்ட உடன திறக்காமல் மேசையில கவிட்டு வச்சிடுவன். பதின்மூண்டு வருசமா வருது, பதின்மூண்டு வருசமாக் கவிட்டு வைக்கிறன். "திறந்து பாரன், கடிச்சே போடும்?" எண்டு இவர் கேப்பார். திறக்கிறதும் நான், நிரப்பிறதும் நான். இவருக்கென்ன, கதிரையில இருந்து பகிடி விடலாம்.

ஊரில இருக்கிற உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேணும். அங்க ஆசுப்பத்திரியில துண்டு எடுத்து லைனில நிண்டால் வைத்தியம் சும்மா. இஞ்ச பரிசில வருத்தமெண்டால் அரசாங்கக் காப்புறுதி ஒரு பங்கைக் கட்டும், மிச்சத்தை நாங்கள் பார்க்க வேணும். அதுக்கும் வழியில்லாத குடும்பமெண்டால் அந்த மிச்சத்தையும் அரசாங்கமே பார்க்கும். ஆனால் நாங்கள் இன்னும் வழியில்லாத ஆக்கள்தானெண்டு வருசத்துக்கு ஒருக்கால் எழுதிக் குடுக்க வேணும். கூடு கூடாக் கீறின படிவம். ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் எங்களுக்கு என்ன இல்லையெண்டு எழுத வேணும்.

நான் ஹோட்டலில அறை துப்பரவாக்கிறன், அதுவும் அரைநேர வேலை. இவர் சாப்பாட்டுக்கடைக் குசினியில கோப்பை கழுவிக் கழுவி முதுகு போய், இப்ப கூப்பிட்டால் மட்டும் போறார். சீனி வருத்தம் வேற. மகள் ஆரணிக்குப் பதினாலு வயசு, பல்லுக்குக் கம்பி போட்டிருக்கு. ஒரு மாசம் அந்தக் காப்புறுதி அறுந்தால் மருந்துக்கடைக்காரி எங்கட காப்புறுதிப் பச்சைக் காட்டை மெசினில போட்டுப்போட்டு என்ர முகத்தைப் பார்ப்பாள். ஒருக்கால் அப்பிடிப் பார்த்தவள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கேல்லை.

இந்த வருசம் அந்தக் கடிதம் வந்த அண்டைக்குத்தான் கிளிநொச்சியில இருந்து ரூபனும் போன் எடுத்தது. ரூபன் என்ர தங்கச்சி வசந்தியின்ர மனுசன்.

"மச்சாள், பட்டியல் ஒட்டியிருக்கு. வசந்தியின்ர பேர் இல்லை" எண்டான்.

நான் கடிதத்தைக் கையில வச்சுக்கொண்டு படியிலயே இருந்திட்டன்.

2

வசந்திக்கு இதயத்தில ஒரு வால்வ் சுருங்கிப்போச்சு. சின்னனில வந்த காய்ச்சல்தான் அங்க போய் இருந்திட்டுதெண்டு டொக்டர் சொன்னவராம். மாசா மாசம் கிளினிக் போறாள், கொப்பி காட்டுறாள், குளிசை எடுக்கிறாள். இனிக் குளிசை காணாது, ஒப்பரேசன் செய்ய வேணும். அரசாங்க ஆசுப்பத்திரியில திகதி வர ஒரு வருசத்துக்கு மேல செல்லுமாம். அவ்வளவு நாள் வச்சிருக்கக் கூடாதெண்டு டொக்டரே ரூபனைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர்.

வழி ஒண்டு இருக்கு. வறுமைப் பட்டியலில இருக்கிற குடும்பமெண்டால் பெரிய ஒப்பரேசனைத் தனியார் ஆசுப்பத்திரியில செய்ய அரசாங்கம் உதவி குடுக்குது. வசந்தியின்ர வீட்டை வந்து பார்த்தால் பட்டியலில முதலாவதா எழுதுவியள். டவுணுக்குள்ள, ரெயில் பாதைக்கு அங்கால, வாடகைக்கு ஒரு அறையும் தகரம் இறக்கின ஒரு பத்தியும். ரூபன் ஓடுற ஓட்டோ அவன்ர இல்லை. ஸ்கந்தபுரத்தில எங்கட அப்பா கொத்தின வயலும் இப்ப எங்கட கையில இல்லை. பிறகென்னெண்டு பேர் விடுபட்டது?

"அதை ஏன் கேக்கிறியள் மச்சாள்" எண்டு ரூபன் பெருமூச்சு விட்டான். பிறகு சொன்னான்.

விவரம் எடுக்க ஒரு உத்தியோகத்தர் பிள்ளை வந்திருக்கிறாள். வீட்டுக்கு ஆக்கள் வருகினமெண்டு தெரிஞ்ச உடன எங்கட ராசாத்தி வசந்தி என்ன செய்தவள் தெரியுமோ? வீடு கூட்டி, நான் அனுப்பின சீலையை உடுத்து, பக்கத்து வீட்டில நல்ல கதிரை இரண்டு இரவல் வாங்கிப் போட்டிருக்கிறாள். தேத்தண்ணியும் கேக்கும் வேற. அந்தப் பிள்ளை கேட்டிருக்கு, "எப்பிடி அன்ரி இருக்கிறியள்? கஷ்டம் ஏதும் இருக்கோ?" எண்டு.

இவள் சொல்லியிருக்கிறாள், "ஒரு குறையும் இல்லைப் பிள்ளை. அக்கா பிரான்சில. அவா இருக்கேக்க எனக்கென்ன குறை?"

அந்தப் பிள்ளை அதைத்தான் எழுதியிருக்கு. வெளிநாட்டு உதவி எண்ட கூட்டுக்குள்ள ஒரு சரி. அந்தப் பிள்ளையில என்ன பிழை? சொன்னதைத்தானே எழுதலாம்.

எனக்கு வந்த கோவத்துக்கு வசந்தி பக்கத்தில நிண்டிருந்தால் ரெண்டு போட்டிருப்பன். "விசரே அவளுக்கு? நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்து ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லுறதே?" எண்டு ரூபனோட கத்தினன். பாவம் அவன், அவளுக்கு விழ வேண்டிய ஏச்சை வாங்கிக்கொண்டான். நான் அனுப்பிறது நல்லநாள் பெருநாளுக்கு ஏதோ கொஞ்சம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் இஞ்ச என்ன வேலை செய்யிறனெண்டு அவளுக்குச் சரியாத் தெரியாது. "ஹோட்டலில வேலை" எண்டு சொன்னனான். அவள் அதை என்னமாதிரி விளங்கினாளோ. நானும் திருத்தேல்லை.

3

கோவம் அடங்கின பிறகுதான் யோசிச்சன். இதே கூத்தை நானும் ஆடினனான்தானே.

இஞ்ச வந்து முதல் வருசம். அகதி எண்டு ஏற்றுக்கொண்டு பேப்பர் தந்தாச்சு, இந்தக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்க வேணும். எங்களைப் போல ஆக்களுக்கு உதவுற ஒரு உத்தியோகத்தர் அம்மாவிட்ட றொந்தேவு கிடைச்சுது. இவை எல்லாரும் சந்திப்புக்கு அப்பிடித்தான் சொல்லுவினம், இப்ப எங்கட வாயிலயும் அதுதான் வருது. நான் இருந்ததிலயே நல்ல சீலையை உடுத்து, தாலிக்கொடியை வெளியில எடுத்து விட்டு, நெத்தியில பொட்டு வச்சுக்கொண்டு போனன். பெரிய இடத்துக்குப் போகேக்க அப்பிடித்தானே போறது. அந்த அம்மா சிரிச்சுக்கொண்டு ஏதோ கேட்டா. எனக்கு விளங்கினது ஒரு சொல்லு, பிரச்சினை எண்டது. நான் தலையை ஆட்டி, தெரிஞ்ச பிறெஞ்சில, பிரச்சினை இல்லை மடம், எல்லாம் நல்லம் எண்டன். அவா என்ர கொடியைப் பார்த்தா. நல்லம் எண்டு சொல்லி என்னை அனுப்பிப்போட்டா.

அண்டைக்கு வயித்தில பிள்ளை. ஆரணி. பேந்து, இஞ்ச முதலே வந்திருந்த ஒரு தமிழ்ப் பிள்ளைதான் என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனது. போற வழியில அது எனக்குச் சொன்ன புத்தி இன்னும் காதில நிக்குது: "அக்கா, இஞ்ச குறை சொல்ல வேணும். வெக்கப்படாமச் சொல்ல வேணும். சொன்னால்தான் எழுதுவினம்."

சொல்ல வராது பாருங்கோ. பேனையோட மேசைக்கு அங்கால இருக்கிற ஆளைக் கண்டால் எங்கட வாய் தானாச் சொல்லும், ஒரு குறையும் இல்லை எண்டு.

அது எங்க பழகினது எண்டும் எனக்குத் தெரியும். சண்டை முடிஞ்சு சனத்தோட சனமா வெளியில வந்து ஓமந்தை ஆமிச் சோதனையில நிண்டனாங்கள். வெயிலெண்டால் சொல்லி வேலையில்லை. மேசைக்கு அங்கால இருந்தவன் பேரைக் கேட்டான், ஊரைக் கேட்டான், கூட ஆர் ஆர் எண்டு கேட்டான். பிறகு, ஏதும் பிரச்சினை இருக்கோ எண்டான். வசந்தி அப்பவே நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டுதான் நிண்டவள். "அக்கா, எனக்கு ஏலாமக் கிடக்கு, சொல்லட்டோ?" எண்டு மெல்லக் கேட்டவள். வருத்தமெண்டு சொன்னால் தனியப் பிரிச்சுக் கொண்டுபோயிடுவாங்களோ எண்டு எனக்குப் பயம். முழங்கையால ஒரு இடி இடிச்சன். "குறை ஒண்டும் இல்லையெண்டு சொல்லடி."

சொன்னாள். அண்டையில இருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். பழக்கினவள் நான். இப்ப நான் அவளைப் பேசி என்ன பிரயோசனம்.

4

ரூபன் மேன்முறையீடு போட்டான். அங்கத்தை அரசாங்கக் கந்தோரில சொன்னவையாம், அக்காவின்ர நிலைமை உண்மையில என்னெண்டு அவா இருக்கிற நாட்டில இருந்து ஒரு கடிதம் எடுத்து, தமிழிலயும் எழுதி அனுப்பச் சொல்லுங்கோ எண்டு. தந்த நாள் மூண்டு கிழமை. மூண்டு கிழமை! இஞ்ச ஒரு றொந்தேவு எடுக்கவே மூண்டு கிழமை காணாது. நான் விடியக் காலமை வேலைக்குப் போக முதல் போய் இஞ்ச அகதிகளுக்கு உதவுற கந்தோர் வாசலில நிண்டன். இரண்டு நாள் நிண்டன். மூண்டாம் நாள் அங்கத்தை உத்தியோகத்தர் அம்மா பரிதாபப்பட்டு உள்ளுக்குக் கூப்பிட்டா.

அங்கயும் ஒரு கூத்து. தங்கச்சிக்குச் சரியான வருத்தம், மாசா மாசம் கிளினிக் போறவள் எண்டு சொன்னன். அந்த அம்மாவின்ர முகம் மாறிச்சு. இஞ்ச கிளினிக் எண்டால் காசுக்காரர் போற தனியார் ஆசுப்பத்திரி. மாசா மாசம் அங்க போறவள் எப்பிடி ஏழை? அரசாங்க ஆசுப்பத்திரி, சும்மா, வாங்கில், லைன், கொப்பி எண்டு கையாலயும் காலாலயும் விளங்கப்படுத்தி முடிக்க அரைமணித்தியாலம். கடைசியில நாலு வரியில ஒரு கடிதம் தந்தா. முத்திரை குத்தித் தந்தா. அந்த அம்மாவுக்கு நல்லது நடக்க வேணும்.

தமிழில எழுதிறது ஆர்? எனக்குப் பிறெஞ்சு வாசிக்க வராது. ஆரணிக்குத் தமிழ் எழுத வராது. இரண்டு பேருமாக் குசினி மேசையில இருந்தம். அவள் வாசிச்சுச் சொல்ல நான் எழுதினன். தமிழ்ச் சொல்லு வராத இடத்தில அவள் போனில தேடினாள்.

"அம்மா, இதில கிடக்கு, நீங்கள் ஒரு அடக்கமான குடும்பமாம்."

"என்னடி?"

"மொதெஸ்த். போனில அடக்கமான எண்டு வருது."

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை. என்ர வாய் அடக்கமில்லாத வாயெண்டு அப்பா ஸ்கந்தபுரம் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர். அதோட ஊரில அடக்கம் எண்டால் செத்தவையைப் புதைக்கிறதுக்கும் சொல்லுறது. கந்தோரில வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? இவரும் சிரிச்சார். கனகாலத்துக்குப் பிறகு அந்தக் குசினியில மூண்டு பேரும் சேர்ந்து சிரிச்சம்.

"அதை வறிய குடும்பம் எண்டு எழுதுவம்" எண்டு சொல்லிப்போட்டு நான் எழுதினன். காசு குறைஞ்ச குடும்பத்தை இவை அப்பிடி மரியாதையாச் சொல்லுறவை.

"வறிய எண்டால்?"

"ஏழை."

ஆரணி சிரிப்பை நிப்பாட்டிப்போட்டாள். பச்சைக் காட் எல்லாரிட்டயும் இருக்கிறது, எங்கட காட்டும் அதுபோலத்தான் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்திருக்கிறாள். பல்லுக்கம்பியை நாக்கால தடவினாள்.

"நாங்கள் ஏழையா அம்மா? சித்திக்குத் தெரியுமா?"

சித்திக்குத் தெரியாது எண்டன். இவர் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார். யன்னல் முதலே சாத்தித்தான் கிடந்தது.

5

கடிதத்தைப் போனில படம் எடுத்தும் அனுப்பினம், தபாலிலயும் போட்டம். நாள் முடிய ஐஞ்சு நாள் இருக்கு. நான் ஒவ்வொரு நாளும் ரூபனைக் கேட்டன், குடுத்தாச்சோ, குடுத்தாச்சோ எண்டு. "ஓம் மச்சாள், பார்ப்பம் மச்சாள்" எண்டு மழுப்பினான். ஹோட்டலில கட்டில் விரிக்கேக்க தலையணை உறையை மாறி மாறிப் போட்டு மனேஜரிட்ட ஏச்சும் வாங்கினன். நாள் முடிய ஒரு நாள் இருக்கேக்க வசந்தியையே போனில பிடிச்சன்.

"கடிதம் குடுத்தனியோ?"

"ரூபன் அச்செடுத்துத் தந்தவர், அலுமாரிக்குள்ள இருக்கு அக்கா."

"அலுமாரிக்குள்ளயோ? அலுமாரிக்கோடி வருத்தம்?"

அவள் கொஞ்சம் மூச்சு எடுத்தாள். பிறகு சொன்னாள், "எனக்கு மனம் வரேல்லை அக்கா. கந்தோரில எல்லாரும் நிக்கினம். அவை அதைச் சத்தமா வாசிப்பினம். என்ர அக்காவை நாலு பேருக்கு முன்னால வறிய எண்டு வாசிக்க நான் கேட்டுக்கொண்டு நிக்கிறதோ? அதுக்கு நான் இப்பிடியே இருந்திட்டுப் போறன். எனக்கு என்ன, ஒரு குறை..."

"வாயை மூடு! அந்தச் சொல்லை இனிச் சொன்னியெண்டால் நான் என்ன செய்வனெண்டு தெரியாது!" கத்திப்போட்டன். அங்கால அவளின்ர மூச்சுச் சத்தம் கேக்குது. எனக்கு அழுகை வந்திட்டுது. கோவத்தில வந்த அழுகையோ பயத்தில வந்த அழுகையோ தெரியேல்லை. செத்துப்போவாளடி எண்டு சொல்ல வாய் வரேல்லை.

ஆரணி தன்ர அறைக்குள்ள இருந்து வந்தாள். காதில மாட்டியிருந்ததைக் கழட்டினாள். சித்தியோட கதை கதை எண்டு நான் எத்தினை தரம் கெஞ்சியிருப்பன், "தமிழ் வராது" எண்டு ஒரு சொல்லோட ஓடிவிடுவாள். அண்டைக்கு என்ர கையில இருந்து போனை வாங்கினாள்.

"சித்தி. நான் ஆரணி. அந்தப் பேப்பரை நான்தான் செய்தது. சித்தி, எங்களுக்குக் குறை. நிறையக் குறை. அப்பாக்கு முதுகு குறை, அம்மாக்கு வேலை குறை. எனக்குத் தமிழ் குறை." கொஞ்சம் நிப்பாட்டி யோசிச்சாள். "பேப்பர் பொய் இல்லை. வெக்கம் இல்லை. குடுங்கோ சித்தி. பிளீஸ்."

அங்கால அலுமாரிக் கதவு கிறீச்சிட்டுது. பிறகு வசந்தி, "ஓம் அம்மா. குடுக்கிறன் அம்மா" எண்டது கேட்டுது.

6

கடிதத்தைக் குடுத்து இப்ப ஒரு மாசம். போன கிழமை மேன்முறையீட்டுக்காக அதே உத்தியோகத்தர் பிள்ளை திரும்ப வீட்டுக்கு வந்திருக்கிறாள். ரூபன் அந்தப் பிள்ளையிட்டக் கேட்டுப்போட்டு, கதைச்சதைப் போனில பதிஞ்சு எனக்கு அனுப்பியிருந்தான். "மச்சாள் கேக்காட்டி நித்திரை கொள்ளமாட்டா" எண்டு சொல்லித்தான் கேட்டவனாம். உண்மைதான்.

காலமை வேலைக்குப் போற ரெயினில நிண்டுகொண்டு அதைக் காதில வச்சன். முதலில சேவல் கூவுது, ஒரு மோட்டச்சைக்கிள் போகுது. இந்த முறை கதிரை இழுக்கிற சத்தம் இல்லை. பாயில இருந்தவை போல.

"எப்பிடி அன்ரி இருக்கிறியள்?"

சேவல் இன்னொருக்கால் கூவுது. சொல்லடி, சொல்லடி எண்டு ரெயினுக்குள்ளயே முணுமுணுத்தன். பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"குறை இருக்குப் பிள்ளை" எண்டாள் வசந்தி.

பிறகு சொன்னாள். படுத்தால் மூச்சு முட்டுதாம், ஏழெட்டு மாசமாச் சுவரில சாய்ஞ்சு இருந்துதான் நித்திரை கொள்ளுறாளாம். குழாயடியில இருந்து ஒரு வாளி தண்ணி கொண்டு வர மூண்டு தரம் இருக்க வேணுமாம். போன மாசம் பஸ் ஸ்ராண்டில விழுந்தவளாம், ரூபனுக்குக் கூடச் சொல்லேல்லையாம். கோயிலுக்குப் போறதை விட்டிட்டாளாம், படி ஏற ஏலாதாம்.

எனக்கு இது ஒண்டும் தெரியாது. ஞாயிறு தவறாமல் கதைக்கிறனான். ஒவ்வொரு ஞாயிறும் அவள் ஒரு குறையும் இல்லை எண்டுவாள், நானும் ஒரு குறையும் இல்லை எண்டுவன், பிறகு மழையைப் பற்றிக் கதைப்பம். என்ர தங்கச்சிக்கு என்ன செய்யுதெண்டு அவள் அரசாங்கத்துக்குச் சொல்லேக்கத்தான் நான் கேட்டன்.

"வேற ஏதும் இருக்கோ அன்ரி?" எண்டு அந்தப் பிள்ளை கேக்குது.

"வேற... அக்காவைக் கண்டு பதினைஞ்சு வருசம் பிள்ளை. அவா அகதி எண்டபடியால் இஞ்ச வர ஏலாது. அதையும் எழுதுவியளோ?"

"அதுக்கு இதில கூடு இல்லை அன்ரி" எண்டுது அந்தப் பிள்ளை. நல்ல பிள்ளை, மெதுவாத்தான் சொல்லிச்சு.

நான் இறங்க வேண்டிய இடம் போயிட்டுது. அடுத்த ஸ்ரேசனில இறங்கி, பிளாட்போம் வாங்கில இருந்து வசந்திக்குப் போன் எடுத்தன். முடிவு இன்னும் வரேல்லை. அங்கயும் வரேல்லை, எங்கட காப்புறுதிக்கும் இஞ்ச மறுமொழி வரேல்லை. எதுக்கு எடுத்தனெண்டு எனக்கே தெரியாது.

"என்னக்கா இந்த நேரத்தில? வேலை இல்லையோ?"

"இருக்கு. நீ எப்பிடி இருக்கிறாய்?"

"எனக்கென்னக்கா, ஒரு குறையும்..." எண்டு தொடங்கினவள் நிப்பாட்டினாள். பிறகு சொன்னாள், "நேற்றையில இருந்து கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கக்கா. பயமாக் கிடக்கு."

"சொல்லு" எண்டன். அடுத்த ரெயின் வந்து, கதவு திறந்து பூட்டி, போயிட்டுது. "ஆறுதலாச் சொல்லு. நான் கேக்கிறன்."